நேராக ஓடும் வண்டி

பிரேக்கை மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுத்தது. அப்பா வைத்துவிட்டுப் போன அம்பாசடர், எண்பதுகளில் வாங்கியது. உத்தர்பாராவில் அதன் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் இப்படிச் சில வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள். இரண்டு பாலம் வரை வண்டியில் குறை தெரியாது. மூன்றாவதன் இறக்கத்தில் இழுப்பு ஆரம்பிக்கும். ஒரு தை மாதம், சாலையின் வலது ஓரத்தில் காயப்போட்ட நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்த ஒரு கிழவிக்கு ஒரு கை தூரத்தில் வண்டி நின்றது. "பாத்து வாய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் மறுபடி நெல்லைத் தள்ளினாள்.

வண்டியைப் பட்டறையில் விட்டேன். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டு முன்சக்கரங்களும் தாராளமாகச் சுற்றின. "வலது பக்கம்தானே சார் இழுக்குது, அப்ப அங்கதான் வேலை" என்றார் மெக்கானிக். வலது லைனிங்கை மாற்றினார், வீல் சிலிண்டரை மாற்றினார். இழுப்பு போகவில்லை. கடைசியில் வலது பிரேக் ஷூவைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தார். வண்டி நேராக நின்றது. பெடல் மட்டும் முன்னைவிட ஓர் அங்குலம் கூடுதலாகக் கீழே போயிற்று. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று அதற்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் திருவையாற்றில் பஞ்சர் ஒட்ட நிறுத்தியபோது அங்கிருந்த வயதான மெக்கானிக் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோய்ச் சட்டென்று எடுத்தார். "தம்பி, இடது வீல் கொதிக்குது. வலது பச்சத்தண்ணியா இருக்கு." சூடு ஆறுவதற்குள் இடது சக்கரத்தைத் தூக்கினார். அது சுற்றவில்லை. ரப்பர் ஹோஸுக்கு முன்னாலிருக்கும் குழாயின் இணைப்பைத் தளர்த்தினார், சக்கரம் அசையவில்லை. இணைப்பை முடுக்கிவிட்டு, ஹோஸுக்குப் பின்னால் சக்கரத்தில் இருக்கும் நிப்பிளைத் திறந்தார். ஆயில் பீய்ச்சியது, சக்கரம் விடுபட்டது. ஹோஸைக் கழற்றிப் பிளேடால் பிளந்து காட்டினார். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே ரப்பர் ஊதி, வழி ஊசிக்காது அளவுக்குக் குறுகியிருந்தது. கால் மிதிக்கிற பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும். அதைத் திரும்பத் தள்ள ஷூவின் ஸ்பிரிங்குக்கு அந்தப் பலம் கிடையாது.

ஆக, இடது சக்கரம் ஒவ்வொரு பாலத்திலும் பிடித்த பிடியை விடாமலே வந்திருக்கிறது. விடாததால் சூடேறியது, சூடேறியதால், பிடிக்க வேண்டிய நேரத்தில் அதனால் பிடிக்க முடியவில்லை. வலது சக்கரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. வண்டி அதன் பக்கம் திரும்பியது அதனால்தான். குற்றவாளி என்று கண்டுபிடிக்கப்பட்டதும் அதுதான்.

மூடிய திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்றார் பாஸ்கல். அவர் இறந்த மறு வருஷம், 1663இல், அந்த நூல் அச்சாயிற்று. இந்தச் சமம் யாரும் சரிக்கட்டி உண்டாக்கியதல்ல. வழி திறந்திருந்தால் தானாகவே இருப்பது. பட்டறை எனக்குத் தந்த சமம் வேறு வகை. பலவீனமான சக்கரத்தின் அளவுக்கு நல்ல சக்கரத்தைத் தாழ்த்திப் பெற்றது.

வங்கியில் எனக்கு மூத்தவர்கள் பேரேட்டுக் காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். கணக்கில் வித்தியாசம் விழுந்தால் ராத்திரி உட்கார்ந்து தேடிவிடலாம். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு கணக்கு நேராகிவிட்டால்தான் ஆபத்து. அப்போது யாரும் தேடமாட்டார்கள்.

கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷத்தில் தலைமடைக்காரன் மேல்தான் முதலில் கோபம் வருகிறது. ஆற்றில் தண்ணீர் குறைவு என்றால் முறை வைத்துப் பாய்ச்சுவது நியாயம். தலைமடைக்காரன் தன் மதகை அடைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வாய்க்கால் நடுவில் தூர்ந்துகிடக்கும்போது அவன் மதகை அடைத்தால் இரண்டு வயல்களும் காயும், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டு காரியமும் ஒன்றுபோலத்தான் தெரியும். எது பங்கீடு, எது வெறும் சரிக்கட்டல் என்பதை வாய்க்காலோடு நடந்துபோய்த்தான் தெரிந்துகொள்ள முடியும். நியாயம் என்ற வார்த்தைக்கு முன்னால் இந்த நடை இருக்கிறது. நம் விமர்சனத்தில் 'சமநிலை' என்று பாராட்டப்படுகிற பலவற்றிலும் இந்த நடையைத்தான் காணோம். சத்துள்ள எழுத்தைக் கொஞ்சம் தளர்த்தி, சத்தில்லாததன் பக்கத்தில் வைத்துவிட்டால் கட்டுரை நேராக ஓடும்.

முதல் மெக்கானிக்கைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இழுக்கிறது என்றேன், இழுப்பை எடுத்துத் தந்தார். நான் கேட்டது அதைத்தான். வண்டி நிற்கிறதா என்று நான் கேட்கவில்லை. இழுப்பு இருந்தவரை பயம் இருந்தது, பயத்தால் மெதுவாகப் போனேன். இழுப்பு போனதும் பயமும் போயிற்று. இரண்டு தளர்ந்த சக்கரங்களோடு அதே சாலையில், நெல் காய்கிற ஓரமாக, இரண்டு மாதம் முன்னைவிட வேகமாகவே போய்வந்தேன். அந்தக் கிழவிக்கு என்னால் அதிக ஆபத்து இருந்தது எப்போது? வண்டி அவள் பக்கம் திரும்பிய அன்றல்ல என்று இப்போது தோன்றுகிறது.

திருவையாற்றுக்காரர் புது ஹோஸை மாட்டுவதற்கு முன் வலது சக்கரத்தின் ஷூவைப் பழைய இடத்துக்குத் திருகி வைத்தார். வலது ஹோஸையும் மாற்றிவிடச் சொன்னேன். அதற்கும் அதே வயதுதான்.