கட்டுபவர் யார்? கற்பவர் யார்?

விடுமுறைக் காலத்தில் வேற்று நாட்டிற்குச் சென்று, அங்கே ஓர் எளிய கிராமத்தில் மண்ணும் மூங்கிலும் கொண்டு பள்ளியோ வீடோ கட்டும் பணியில் சில வாரங்கள் தொண்டு செய்வது, இன்று பல நாட்டு இளைஞர்களிடையே பரவியுள்ள வழக்கம். சுற்றுச்சூழலைக் கெடுக்காத கட்டடம், ஊதியம் கருதாத உழைப்பு, புதிய நாட்டைக் காணும் வாய்ப்பு ஆகிய மூன்றும் அதில் ஒன்றுசேர்கின்றன. 'இது சேவையா, சேவையின் பெயரால் நடைபெறும் சுற்றுலாவா?' என்ற கேள்வி எழுவது இயல்பே.

எதிர்த்தரப்பின் வாதம்

வேதாந்த நூல்களில் எதிர்த்தரப்பைப் 'பூர்வபட்சம்' என்று முதலில் முழுமையாக எடுத்துரைப்பது மரபு. இங்கும் அவ்வாறே செய்வோம். விமானக் கட்டணத்திற்குச் செலவாகும் தொகையை அந்தக் கிராமத்திற்கே அனுப்பினால், உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பல நாள் கூலி கிடைக்கும். மண்வெட்டி பிடித்தறியாத கைகள் நாள் முழுவதும் பாடுபட்டு எழுப்பும் சுவரை, தேர்ந்த தொழிலாளி சில மணி நேரத்தில் எழுப்பிவிடுவார். மண்சுவரால் சுற்றுச்சூழலுக்கு விளையும் நன்மையை விமானப் புகை குறைத்துவிடுகிறது. ஆகவே இதில் பயனடைபவர் கிராமத்தார் அல்லர், பயணம் சென்றவரே என்பது அவர்கள் முடிவு.

இந்தக் கணக்கில் பிழையில்லை. வியப்பு என்னவென்றால், சுவாமி விவேகானந்தரும் இதையேதான் கூறுகிறார்! 1895-96 குளிர்காலத்தில் நியூயார்க்கில் அவர் ஆற்றிய கர்மயோகச் சொற்பொழிவுகளில், உலகம் நம் உதவியை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை என்பதைத் திரும்பத் திரும்ப விளக்குகிறார். எத்தனை முறை நிமிர்த்தினாலும் மீண்டும் சுருண்டுகொள்ளும் நாய்வாலுக்கு உலகை ஒப்பிடுகிறார். உதவி பெறுபவர் நமக்குக் கடன்பட்டவர் அல்லர். நம் மனம் தூய்மையடைய வாய்ப்பளித்த அவருக்கு நாமே நன்றி சொல்ல வேண்டும் என்கிறார்.

அப்படியானால் குற்றம் பயணத்தில் இல்லை. 'நான் கொடுக்கிறேன், அவர்கள் பெறுகிறார்கள்' என்ற எண்ணத்தில்தான் இருக்கிறது. அந்த எண்ணம் நீங்கினால் அதே பணி எவ்வாறு மாறுகிறது?

வங்க மண் காட்டும் வழி

கொல்கத்தாவின் தென்பகுதியில் கோல்பார்க்கில் 1961 முதல் ராமகிருஷ்ண மிஷன் பண்பாட்டு நிலையம் இயங்கி வருகிறது. அங்கிருந்து ரயில் பாதையின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் டாக்குரியா. அதை அடுத்து யாதவ்பூர். 1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து உடைமைகளை இழந்து வந்த மக்கள் இப்பகுதிகளில் குடியேறினார்கள். மூங்கில் நட்டு, தட்டி கட்டி, ஓடு வேய்ந்து தங்கள் கைகளாலேயே குடில்களை அமைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிகளையும் தாங்களே எழுப்பினார்கள். அனைத்தையும் இழந்தவர்களிடமும் கைத்திறன் இழக்கப்படாமல் இருந்தது. ஏழைகளுக்கு உதவச் செல்பவர் முதலில் உணர வேண்டியது இதுதான்: அவர்கள் வெறுங்கையராக இருக்கலாம், அறிவற்றவர் அல்லர்.

அவர்கள் விட்டு வந்த கிழக்கு வங்கம் இன்று வங்காளதேசம். அதன் வடபகுதியில், தினாஜ்பூர் மாவட்டத்தில் ருத்ராபூர் என்றொரு கிராமம் உள்ளது. ஜெர்மனியைச் சேர்ந்த அன்னா ஹெரிங்கர் 1997-ல், தம் இருபது வயதையொட்டி, 'தீப்ஷிகா' என்ற தொண்டு நிறுவனத்தில் பணியாற்ற வங்காளதேசம் வந்தார். ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். அந்த ஆண்டில் அவர் கற்ற பாடம், வெளியிலிருந்து வருவதை நம்பியிராமல், இருப்பதைக் கொண்டே மேம்பட வேண்டும் என்பது. நாடு திரும்பிக் கட்டடக்கலை பயின்ற பின்னரும் அவர் அக்கிராமத்தை மறக்கவில்லை.

2005-ல் ருத்ராபூரில் மண்ணாலும் மூங்கிலாலும் இரண்டு தளங்கள் கொண்ட பள்ளி எழுந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த தொண்டர்களும் உள்ளூர்த் தொழிலாளர்களும் இணைந்து உழைத்தார்கள். அப்பகுதியில் மண்வீடு புதிதல்ல. ஆனால் உறுதியான அடித்தளமும் ஈரத்தடுப்பும் இல்லாததால் அவ்வீடுகள் விரைவில் சிதைந்தன. எனவே செங்கல் அடித்தளம், ஈரம் மேலேறாதிருக்க ஒரு தடுப்பு, மண்ணை இறுகப் பிணைக்க வைக்கோல் ஆகியவை சேர்க்கப்பட்டன. மண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் கலந்தவை மாடுகள்! 2007-ல் அப்பள்ளி ஆகாகான் கட்டடக்கலை விருது பெற்றது.

விருதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. அந்தப் பணியில் திறன் வளர்த்துக்கொண்ட கைகள் பின்னர் வேறு கட்டடங்களையும் எழுப்பின. மாற்றுத்திறனாளிகளுக்காக அதே ஊரில் கட்டப்பட்டு, 2020-ல் ஓபெல் விருது பெற்ற 'ஆனந்தாலயம்' உள்ளூர்த் தொழிலாளர்களின் கைவண்ணமே. தொண்டர்கள் சென்ற பிறகும் திறன் அங்கேயே தங்கிவிட்டது. 'நிலைத்த கட்டடம்' என்பதன் உண்மைப் பொருள் இதுவன்றோ! மழையில் கரைந்த சுவரைத் தானே சீர்செய்யும் அறிவு ஊரில் இருந்தால், மண்சுவரும் நிலைக்கும். அந்த அறிவு இல்லாவிட்டால் கற்சுவரும் ஒருநாள் பாழ்படும்.

சேவையின் உரைகல்

தகுந்த இடமும் காலமும் பெறுபவரும் அறிந்து, கைம்மாறு கருதாமல் அளிப்பதே சாத்விக தானம் என்று கீதையின் பதினேழாம் அத்தியாயம் வகுக்கிறது. மதிப்பின்றி அளிப்பதைத் தாமசத்தில் சேர்க்கிறது. இதன் ஒளியில், புறப்படும் முன் மூன்று கேள்விகளை ஒருவர் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம். அந்த ஊரார் இதை விரும்பி அழைத்தார்களா? என் வருகையால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலி குறைகிறதா, திறன் வளர்கிறதா? என் பெயர் எங்கும் பொறிக்கப்படாவிட்டாலும் இதே ஊக்கத்துடன் உழைப்பேனா?

1898-ல் இந்தியாவிற்கு வந்த சகோதரி நிவேதிதை வங்கமொழியைக் கற்றார். வங்க மக்களிடையே வாழ்ந்தார். 1899-ல் பிளேக் நோய் பரவியபோது, கொல்கத்தாவின் தெருவில் தாமே துடைப்பம் ஏந்தினார். வந்தவர் முதலில் மாணவியானார். அதனாலேயே அவரது தொண்டை மக்கள் தங்களுடையதாக ஏற்றார்கள்.

ஜீவனிடம் காட்ட வேண்டியது இரக்கம் அன்று, அவனைச் சிவனாகக் கண்டு செய்யும் சேவையே என்பது பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் உபதேசம். கோயிலுக்குச் செல்பவர் இறைவனுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டதாக எண்ணுவதில்லை. உள்ளே நுழைய அனுமதி கிடைத்ததையே பேறாகக் கருதுகிறார். தொலைநாட்டுக் கிராமத்தில் மண் குழைக்கச் செல்லும் இளைஞரும் அந்த மனத்துடன் செல்லட்டும். கற்றுக்கொள்ளச் செல்பவருக்கு எந்தத் தூரமும் வீணாவதில்லை. கொடுக்கச் செல்கிறேன் என்று எண்ணுபவர், பக்கத்துத் தெருவிற்குச் சென்றாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார்.