தொட்டுப் பார்க்கும் வேலை

ஒரு வேலைக்குப் போகுமுன் சம்பளம் எவ்வளவு, ஷிப்டு எத்தனை மணிக்கு, பஸ் வசதி உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறோம். பத்து வருஷம் கழித்து அந்த வேலை நம்மைக் கைதேர்ந்தவனாக்கியிருக்குமா, வெறுமனே களைத்துப் போகச் செய்திருக்குமா என்று விசாரிப்பதில்லை.

பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் இந்தக் கேள்வி அவசரமாகிவிட்டது. முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடுகிறது. கடல்நீர் உள்ளே வருவது குறைந்தால் இறாலும் குறைகிறது. பிள்ளைகள் வேறு பிழைப்புக்குப் போகட்டும் என்றே பெற்றோர் நினைக்கிறார்கள். போனால் கண்ணெதிரே நிற்பது ஆன்லைன் வியாபாரம்: செங்குன்றம் பக்கம் குடோன், சென்னைக்குள் டெலிவரி. மாதச் சம்பளத்தைக் குறைசொல்ல நான் யார்? கடன் கட்டுகிற வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் எந்தப் பொருள் எந்த அடுக்கில் என்பது ஸ்கேனருக்குத் தெரியும்; எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பது செல்போனுக்குத் தெரியும். ஆளுக்குத் தெரியவேண்டியது கொஞ்சம்தான். அதனால் ஆளை மாற்றுவதும் சுலபம். இவர்களில் டெலிவரி செய்பவர்களைப் போன்ற தொழிலாளர்களுக்கென்று 2023-இல் தமிழ்நாடு அரசு தனி நலவாரியமே அமைக்க வேண்டி வந்தது.

அதே வியாபாரத்துக்கு இன்னொரு வாசல் உண்டு. ஏரிக்கரையில் நண்டைத் தரம் பிரிப்பவர்களைக் கவனித்திருக்கிறேன். கொடுக்கைக் கயிற்றால் கட்டிய நண்டைத் திருப்பி, அடிப்பக்கம் கட்டைவிரலால் ஒரு அழுத்து. ஓடு அமுங்கினால் அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. உள்ளே சதை குறைவு, தண்ணீர்தான். உடனே தனியே ஒதுக்கிவிடுகிறார்கள். பார்க்க நொடி வேலை. பழக ஒரு பருவம் போதாது.

2015-இல் பெங்களூரில் லிசியஸ், 2016-இல் சென்னையில் டெண்டர்கட்ஸ் என்று மீனும் இறைச்சியும் செல்போனுக்குள் வந்தன. செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை பேசி வாங்கிப் பழகிய ஜனம் படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறதென்றால், தனக்குப் பதில் வேறொருவர் தொட்டுப் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான். அந்த வேறொருவர் ஏரிக்கரைக்காரராக ஏன் இருக்கக்கூடாது? கொள்முதல், தரம் பிரிப்பு, பேக்கிங் எல்லாமே வேலைகள்தான்.

பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிக்கும் இப்படித் தொட்டுத் தெரிந்த கை வேண்டும். ஓலை சரியாகக் காயுமுன் பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்பினால் வழியிலேயே பூஞ்சை பூக்கும். படத்தில் அளவு விளங்காவிட்டால் பெட்டி திரும்பி வரும்.

"மாமா, இதுக்கெல்லாம் சம்பளம் யார் குடுப்பா?" என்று அக்கா மகன் மடக்கினான். நியாயம்தான், முதலில் யாரும் தரமாட்டார்கள். "குடோனுக்கே போடா. ஆனா சரக்கு ஏன் திரும்பி வருது, கமிஷன் எவ்வளவு புடிக்கிறான், எல்லாத்தையும் கத்துக்கிட்டு வா" என்றேன். கற்றுவந்தபின் சொந்தமாகவும் விற்கலாம். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு வியாபாரிகள், மாநிலத்துக்குள் விற்கும்வரை, ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே ஆன்லைன் தளங்களில் சரக்கு விற்க 2023 அக்டோபர் முதல் வழியிருக்கிறது.

உலக வியாபாரம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரைத் துணியைக் கப்பலேற்றி, கிழக்கிந்தியத் தீவுகளில் கொடுத்து வாசனைச் சரக்கு வாங்கினார்கள். நெசவாளிக்குத் தெரிந்தது கைக்கு வந்த முன்பணம்; தீவில் விற்ற விலை வியாபாரிக்குத்தான் தெரியும். இன்று தன் நண்டு சென்னையில் என்ன விலைக்குப் போகிறது என்பதை இங்கிருந்தே செல்போனில் பார்க்கலாம். முன்பணம் வாங்கியவர் சரக்கை அதைத் தந்த ஏஜென்டிடமே கொடுத்தாக வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. விலை தெரிவது பாதி விடுதலைதான்.

மீதிப் பாதிக்கு வழி ஏரியிலேயே இருக்கிறது. நல்ல இடத்தில் வலை கட்ட ஊர்கள் முறைவைத்துக்கொள்ளும் பாடு வழக்கம் இங்கே பழையது. ஆன்லைன் தளத்தில் வீட்டுக்கொரு கணக்குத் திறந்து ஒருவர் விலையை ஒருவர் வெட்டினால் லாபம் ஏஜென்டுக்கும் தளத்துக்கும்தான். பல வீடு சேர்ந்து ஒரே கடை, ஆர்டருக்கு முறை என்று வைத்தால், முன்பணத்துக்குக் கைநீட்டாமல் தாக்குப்பிடிக்கலாம். விரலில் தொழில் உள்ளவர்கள் அதை யாருக்காகச் செய்வது என்று தாங்களே முடிவு செய்யட்டும். சம்பளக் கணக்கை அதற்குப் பிறகு பேசலாம்.