கையெழுத்திடாதவர்கள்

சீவலப்பேரி வீட்டை விட்டு, பாளையங்கோட்டையில் நான் வாங்க யோசிக்கும் மாடிவீட்டுக்குக் கீழே பலசரக்குக் கடை. பக்கத்தில் டாஸ்மாக் பார். அதனாலேயே விலை குறைவு. 2003ஆம் ஆண்டின் மது சில்லறை விற்பனை விதிகள் மாநகரில் கோயிலுக்கும் பள்ளிக்கும் 50 மீட்டர் இடைவெளி வகுத்தன. வீட்டை அவை அளக்கவில்லை. அதை அளப்பது சந்தை, ரூபாயில்.

தெரிந்தே வாங்கியவனுக்குப் பிறகு முறையிட உரிமை உண்டா? இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் தள்ளுபடி பெறுகிறவன் நான். இரவுக் கூச்சலையும் படிக்கட்டில் நிற்கும் குடிகாரனையும் எதிர்கொள்ளப் போகிறவர்கள், பத்திரத்தில் கையெழுத்திடாத மனைவியும் மகளும். உச்சநீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு ஆணையால் நெடுஞ்சாலைகளை விட்ட கடைகள் 2017இல் குடியிருப்புகளை நோக்கி வந்தபோதும், பல ஊர்களில் மறித்தவர்கள் பெண்களே. குறைந்த விலை என் சம்மதத்தை வாங்கலாம். அவர்களுடையதை விற்க எனக்கு அதிகாரமில்லை.