சாவா மூவாப் பேராடு

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதுதான் வழக்கம். இருநூறு அடிக்கு மேல் எழும்பி நிற்கிற விமானம் வேறெங்கும் பார்க்க விடாது. போன மாசியில் நான் குனிந்த தலையோடு சுற்றினேன். அம்மா போய் நாற்பது நாள் ஆகியிருந்தது, மனம் எதிலும் ஒட்டவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் அடித்தளத்துக் கல்லெழுத்துகள்தான்.

வீட்டில் அப்போது ஒரு கேள்வி நின்றுகொண்டிருந்தது. ஐம்பது வருஷமாக அந்தி விளக்கு ஏற்றியவர் அம்மா. இனி யார்? அண்ணி வேலைக்குப் போகிறார், திரும்ப ஏழரை ஆகிவிடும். நான் சென்னையில். "அது அம்மாவோட போகட்டும்டா" என்றார் அண்ணன். அம்மா ஏற்றியதுபோல் இன்னொருவர் ஏற்ற முடியாது என்கிற துக்கம் அதில் இருந்தது. எனக்கும் அப்போது அது சரியென்றே பட்டது.

வெயில் குடித்த கல் மாலையிலும் சூடாக இருந்தது. புள்ளி வைக்காத எழுத்து, விரலால் தடவித் தடவிக் கூட்டிப் படிக்க வேண்டும். நூலில் படித்திருந்தது துணைக்கு வந்தது. 1010-இல் ராஜராஜன் விமானத்துக்குச் செப்புக் கலசம் கொடுத்ததும் இங்கே பதிவாகியிருக்கிறது, விளக்குக்கு ஆடு விட்டதும் இங்கேதான். அணையா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு. பசுவானால் 48, எருமையானால் 16. பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவருக்குப் பின் அவர் உறவினர், அவர்களுக்கும் பின் அவர்களுடைய உறவினர், சந்திரரும் சூரியரும் உள்ளவரை.

இப்படி விட்ட ஆடுகளுக்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் வைத்த பெயர், சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடு. கல்லூரி நாளில் இதைப் பக்தியில் சொன்ன மிகை என்று தள்ளியிருந்தேன். இடையருக்குத் தெரியாதா, ஆடு சாகும் என்று? கிழடு தட்டும், நோய் வரும், நரி தூக்கும். குட்டியும் போடும். கழிந்த ஆட்டின் இடத்தில் குட்டி வளர்ந்து நிற்கும். எந்த ஆடு என்று யாரும் கேட்பதில்லை, மந்தையில் 96 இருந்தால் போதும்.

சற்றுத் தள்ளி, கோயிலில் ஆடுவதற்கு அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தப் பக்கத்தில் எத்தனையாவது வீடு, என்ன பெயர் என்று ஒவ்வொருவராக வரிசை. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்களில் எத்தனை பேர் விரும்பி வந்தார்களோ என்று என் மனம் ஒவ்வொரு முறையும் அடித்துக்கொள்ளும். அந்த வரிசைக்கு முடிவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, அடுத்த உறவினர் பங்கையும் பணியையும் ஏற்க வேண்டும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையா, தகுதி உள்ள ஒருவரைப் பார்த்து அமர்த்த வேண்டும். உறவே இல்லையென்றால் உடன் பணி செய்வோர் ஆள் தேட வேண்டும்.

இவ்வளவு பெரிய கற்றளியை எழுப்பியவன், வாரிசுக்கு ஆட்டம் வராமல் போகலாம் என்பதையும் யோசித்து, அதையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறான். விமானத்தைவிட இந்த ஏற்பாட்டின் முன்தான் நான் நெடுநேரம் நின்றேன்.

அந்த மந்தைகள் இன்று இல்லை. உழக்கு நெய் அளந்த குடும்பங்களும் இல்லை. அன்று அந்தியில் கருவறைக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெளியே வந்து நந்தி மண்டபத்தருகே உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ஏழரைக்கே அண்ணி வந்து ஏத்தட்டும் அண்ணே. அவங்களுக்கு முடியாத அன்னிக்கு நீங்க ஏத்துங்க."

"நானா? எனக்கு ஒழுங்கா திரி போடக்கூட வராதுடா."

"வராட்டி போகுது. நான் வர்றப்ப நான் ஏத்துறேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா திரிய எந்த டப்பாவுலடா வச்சிருப்பாங்க?"