ஆதரவற்றோர் என்ற சொல்

நாஞ்சில் நாட்டின் கிழக்கு ஓரம் அஞ்சுகிராமம். இங்கே ஒரு கிழவியை எண்ணிப் பார்ப்போம். மகன் வளைகுடாவில் இருக்கிறான். பணம் வருவது நின்று வெகுநாளாகிறது. எப்போதாவது போன் வரும். 'மவன் வருவான்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். உதவித்தொகை விசாரணைக்கு வருகிறவரிடம் இந்த வாக்கியத்தைச் சொன்னால் அவளுக்கு ஆதரவு இருக்கிறது என்றாகிவிடும். 'எனக்கு ஆருமில்லை' என்று சொன்னால் பணம் கிடைக்கலாம். தேவையை நிரூபிக்க நம்பிக்கையை மறுக்க வேண்டியிருக்கிறது. இது நியாயமா என்பதுதான் கேள்வி.

சென்னை ராஜ்யத்தில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிற்று. 2011-இல் 1,000 ஆயிற்று, 2023-இல் 1,200. தொடக்கத்தில் அது நின்றது 'ஆதரவற்றோர்' என்ற சொல்லின்மேல். 1995-இல் வந்த மத்திய சர்க்கார் திட்டமும் அப்படியே. 2007-இல் மத்தியத் திட்டம் அந்தச் சொல்லை விட்டு வறுமைக்கோட்டை அளவாக வைத்துக்கொண்டது. ஆனால் சொல் போனாலும் கேள்வி போய்விடுவதில்லை. மகன் என்ன செய்கிறான் என்று கேட்காமல் எந்த விசாரணையும் முடிவதில்லை.

பணம் கொஞ்சம், யாருமில்லாதவருக்கே முதலில் போகவேண்டும் என்பார்கள். அற்பமான வாதமல்ல இது. ஆனால் பசியை அளக்க வந்தவர்கள் பாசத்தை அளந்துவிட்டுப் போகிறார்கள். மகன் இருப்பது வேறு, மகன் சோறு போடுவது வேறு. முன்னதற்குச் சான்று எளிதில் கிடைக்கும் என்பதால் பின்னதை அதிலிருந்து ஊகித்துக்கொள்வது சௌகரியம்; நியாயமல்ல.

அதே 2007-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு விரட்டப்பட்டவர்களுக்கு இது பெரிய பிடிமானம், மறுப்பதற்கில்லை. ஆனால் நம் கிழவி போகமாட்டாள். மகன்மேல் மனுக் கொடுத்தபிறகு அவன் வருவான் என்று எப்படிக் காத்திருப்பது? ஒரு வாசல் அவளை மகனே இல்லை என்று சொல்லச் சொல்கிறது; இன்னொரு வாசல் அவனை எதிர்வாதியாக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் வெளியே அவள் பட்டினி கிடக்கிறாள்.

நம்பிக்கை தருவது சர்க்காரின் வேலையல்ல என்று தோன்றுகிறது. அது கொடுக்கக்கூடிய பொருளே அல்ல. ஆனால் முதியோரின் நம்பிக்கையில் சர்க்காருக்கு ஒரு சின்னப் பங்கு உண்டு. மாதாமாதம் தேதி தவறாமல் பணம் வந்தால் அவர்களுக்கு அடுத்த மாதம் என்று ஒன்று இருக்கிறது. கடையில் கடன் சொல்லலாம். மருந்துச் சீட்டை மடித்து வைத்துக்கொள்ளலாம். மனு 'பரிசீலனையில்' கிடக்கும்போது 1,200 ரூபாயோடு இந்த அடுத்த மாதமும் பறிபோகிறது.

வயதையும் வரும்படியையும் கேட்கட்டும். மகன் வருவானா என்பது அவளும் அவனும் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். அதற்கு அவளிடம் வாக்குமூலம் வாங்க யாருக்கும் அதிகாரமில்லை.