இனமும் உயிரும்

சீன நாட்டுச் சிச்சுவான் மலைக்காடுகளில் மூங்கில் தின்று வாழும் பாண்டா என்னும் கரடியினம் அழியாதிருத்தற்பொருட்டு, அதனை அடைத்து வைத்துக் குட்டி பெருக்குதல் பல்லாண்டுகளாக நிகழ்கின்றது. காட்டிற் பிறந்து, இளமையிலேயே மனிதர் கைப்பட்ட பான்பான் என்னும் ஆண் பாண்டா 2016-இல் இறந்தபோது அதன் வழித்தோன்றல்கள் 130-க்கு மேற்பட்டிருந்தன. இனத்திற்கு இது பேறே. அவ்வுயிர்க்கோ?

இனமென்பது பல உயிர்களைத் தொகுத்து யாம் வழங்கும் பெயர். பெயர்க்குப் பசியுமில்லை, நோவுமில்லை. பெண் பாண்டா ஆண்டிற்கொரு முறை, இரண்டு மூன்று நாளளவே கருக்கொள்ளுதற்குரியது. அந்நாளில் ஆணொடு கூடாதாயின் மயக்க மருந்திட்டுச் செயற்கையாற் கருவேற்றுவர். மயங்கிக் கிடப்பது இனமன்று, ஓருயிர்.

பின்வரும் உயிர்கட்கு நன்மையாமெனின், அவற்றுட் பெரும்பாலன அடைப்பிற் பிறந்து அடைப்பிலே இறப்பன. அங்ஙனம் பிறந்து 2006-இல் முதன்முதற் காட்டில் விடப்பட்ட சியாங்சியாங் மறுவாண்டே இறந்துகிடந்தது. காட்டுப் பாண்டாக்களோடு பொருது வீழ்ந்ததென்பர். பின்னர் விடப்பட்டவற்றுட் சில பிழைத்தன. இவ்வினத்தின் இடர்நிலை ஒருபடி குறைந்ததென 2016-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் அறிவித்ததற்கும் காடு காத்தமையே தலையாய காரணம்.

ஆயினும் முற்றும் இகழ்தல் முறையன்று. இரட்டைக் குட்டி ஈன்ற தாய் பெரும்பாலும் ஒன்றையே பேணி மற்றொன்றைக் கைவிடும். ஊழியர் அவற்றை மாற்றி மாற்றித் தாயிடம் விட்டு இரண்டையும் பிழைப்பிக்கின்றனர். அஃது உயிர்க்கே செய்யும் அருள். காட்டில் ஒன்றரை ஆண்டேனும் தாயொடு திரியும் பருவத்துக் குட்டியை ஆறு மாதத்திற் பிரித்துவந்த வழக்கத்தை அங்ஙனம் கொள்ளோம். தாயை அடுத்த கருவிற்கு ஆயத்தஞ்செய்வதன்றி அதனாற் குட்டிக்கு ஆவது ஒன்றுமில்லை.