முகம் கொடுப்பது

திருத்தணி மலைமேல், முருகன் சன்னிதிக்கு எதிரே ஒரு யானை நிற்கிறது. சுவாமியைப் பார்த்து அல்ல. வெளியே, கிழக்கே பார்த்து. தன் மகள் தெய்வானைக்குச் சீதனமாக இந்திரன் கொடுத்த ஐராவதம் அது என்பது ஐதீகம். யானை போனதும் தேவலோகத்தின் செல்வம் குறையத் தொடங்கியதாம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க இந்திரனுக்கு மனம் வரவில்லை. யானையின் பார்வை மட்டும் தன் திசையில் இருந்தால் போதும் என்று வேண்டினான், முருகனும் இசைந்தான்.

மகளைக் கட்டிக்கொடுத்த எந்தத் தகப்பனுக்கும் இந்தக் கதை புரியும். கொடுத்தது கொடுத்ததுதான். ஆனாலும், “அப்பப்ப வந்து முகத்தைக் காட்டிட்டுப் போம்மா” என்று சொல்லாமல் எந்தத் தகப்பனும் பெண்ணை வண்டியேற்றுவதில்லை. அவர் கேட்பது பணமோ பண்டமோ அல்ல. அவள் முகம் ஒரு நாழிகை தன் பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

நம் மொழியில் முகம் என்பது கண்ணும் மூக்கும் வாயும் சேர்ந்த உறுப்பு மட்டும் அல்ல. அது ஒரு திசையும்கூட. கிழக்கு முகமாக உட்காரச் சொல்கிறோம். ஆறு கடலைச் சேரும் இடம் முகத்துவாரம். கப்பலும் கரையும் சந்திக்கும் இடம் துறைமுகம். முன்பின் தெரியாத இருவரை எதிரெதிரே நிறுத்திவைப்பது அறிமுகம். இவை எல்லாவற்றிலும் எதிரே இன்னொன்று இருக்கிறது. அந்த இன்னொன்றை எடுத்துவிட்டால் முகத்துக்கு வேலையே இல்லை.

வீட்டுப் பேச்சைக் கவனித்தாலும் இதுதான் தெரியும். “பெத்த பிள்ளை முகம் கொடுத்துப் பேசமாட்டேங்கிறான்” என்று ஒரு தாய் சொன்னால், அவளுக்குச் சோறு கிடைக்கவில்லை என்று பொருள் அல்ல. வேளாவேளைக்கு எல்லாம் கிடைக்கலாம். கிடைக்காதது முகம் ஒன்றுதான். மோந்தால் வாடும் அனிச்சத்தையும், முகம் மாறிப் பார்த்தாலே வாடிப்போகும் விருந்தாளியையும் வள்ளுவர் ஒரே குறளில் வைத்தார். மலர் வாடத் தொட்டு மோந்து பார்க்க வேண்டும். மனிதர் வாடத் தொடக்கூட வேண்டாம்.

ஆறுமுகன் என்ற பெயரையும் இந்த வழியில்தான் நான் புரிந்துகொள்கிறேன். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் ஆறு முகங்களுக்கும் தனித்தனி வேலை சொல்கிறார். ஒரு முகம் இருண்ட உலகுக்கு ஒளி தருகிறது. ஒன்று அன்பருக்கு வரம் தருகிறது. ஒன்று வேள்வியைக் காக்கிறது. ஒன்று மறைபொருளைத் தெளிவிக்கிறது. ஒன்று போர்க்களத்தை நோக்குகிறது. ஒன்று வள்ளியோடு சிரிக்கிறது. எந்த முகமும் தன்னைக் காட்டிக்கொள்வதற்காக இல்லை. எந்தத் திசையில் நின்று கூப்பிட்டாலும் முதுகைப் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது. அதற்குத்தான் ஆறு முகம்.

திருத்தணியில் முடி காணிக்கை செலுத்தும் இடத்தில் சற்று நேரம் நின்றால் இன்னொன்றும் புலப்படும். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் இன்றும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிவிட்டால் தமிழர் யார், தெலுங்கர் யார், நிலம் உள்ளவர் யார், கூலிக்குப் போகிறவர் யார் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. அப்படி மொட்டையடித்து வந்த ஒரு தகப்பன், மனைவியின் இடுப்பில் இருந்த கைக்குழந்தைக்குக் கை நீட்டினார். குழந்தை வீறிட்டு அழுதபடி தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவர் விலகவில்லை. குனிந்து, அதன் கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார். அழுகை நின்றது. கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அவரிடம் தாவியது. அது அடையாளம் கண்டது முடியையோ மீசையையோ அல்ல. தன் பக்கம் திரும்பிய ஒரு முகத்தை.

சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெரு வீட்டு மாடியில், பின்னாளில் வள்ளலார் ஆன சிறுவன் இராமலிங்கம் கண்ணாடி வைத்து விளக்கேற்றி வழிபட்டபோது, அதில் திருத்தணி முருகனைக் கண்டதாக அவர் வரலாறு சொல்கிறது. கண்ணாடிமுன் நின்றால் அவரவர் முகம்தான் தெரியும். அவருக்கு அங்கேயும் எதிரே இன்னொருவர் இருந்தார். பிற்காலத்தில் வடலூரில் பசித்தவர் முகம் பார்த்து அடுப்பு மூட்டியவர் அவர். கண்ணாடியிலும் தன்னை மட்டும் பார்க்காத கண்ணுக்குத்தான் அடுத்தவர் பசி தெரிந்திருக்கிறது.

நம் முகத்தை நாம் ஒருநாளும் நேரே பார்த்ததில்லை. அதன் சுளிப்பும் மலர்ச்சியும் எதிரே இருப்பவருக்கே போய்ச் சேருகின்றன. நம் உடம்பில் இருந்தாலும் முகம் நமக்கு உரியது அல்ல. நம்மை நம்பி எதிரே வந்து நிற்பவருக்கு உரியது. அவருக்கு உரியதை அவரிடம் கொடுப்பதற்குப் பெயர்தான் அன்பு. அதைக் கொடுக்காமல் வேறு எதைக் கொடுத்தாலும் கடன் தீராது.